ஒரு கட்டம், ஒரு குணம்

என் வீட்டுக்காரருக்குக் குணமே கிடையாது. நான் சொல்லவில்லை, ரெண்டு முத்திரையும் மூணு கையெழுத்தும் போட்ட காகிதம் சொல்கிறது. என்னிடம் கேட்டிருந்தால், இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய பாவத்துக்கு நாலு குணமாவது எழுதிக் கொடுத்திருப்பேன். அதில் மூணு திட்டாக இருந்திருக்கும், அது வேறு விஷயம். இந்தக் காகிதத்தை வாங்குவதற்கு நாங்கள் அஞ்சு நாள் நாயாய் அலைந்தோம்.

இவர் பெரிய ஆஸ்பத்திரியில் பார்வையாளர் வாசலில் கேட்காரர். ஊரில் பெரிய ஆஸ்பத்திரி அது ஒன்றுதான் என்பதால் பாதி ஊருக்கு இவர் முகம் தெரியும். நோயாளிகளைப் பார்க்கும் நேரம் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. ஆறு அடித்ததும் கதவை மூடிவிடுவார். ஆறு ஒன்றுக்கு மந்திரியே வந்து நின்றாலும், "நேரம் முடிஞ்சு போச்சு சார்" என்பார். அழுதாலும் அதட்டினாலும் அதே நாலு வார்த்தைதான். அஞ்சாவது வார்த்தை வராது.

சரி, கறார் ஆசாமி, அதோடு விட்டுத் தொலைக்கலாம் இல்லையா? மாட்டார். வந்தவரைத் தன் ஸ்டூலில் உட்காரவைப்பார். அவர் கையில் இருக்கும் ஃப்ளாஸ்க்கை வாங்கிக்கொள்வார். கதவைப் பூட்டிச் சாவியை ஜோபியில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறுவார். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும் என்று போர்டு இருக்கிறதாம், அதிலும் ஏற மாட்டார். கட்டில் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, இறங்கி வந்து ஒவ்வொன்றாகச் சொல்வார். "பால் குடிச்சாங்க. வலி குறைஞ்சிருக்காம். வீட்டுல கேஸ் சிலிண்டர் வந்துச்சான்னு கேட்டாங்க." சிலிண்டர் வந்துவிட்டது என்று சொல்ல மறுபடி ஏறுவார்.

வீட்டுக்கு வந்ததும் முழங்காலை நீட்டிக்கொண்டு தைலம் எங்கே என்பார். நான் தேய்த்துக்கொண்டே ஆரம்பிப்பேன்.

"விட்டிருந்தா அவங்களே ஏறிப் போயிருப்பாங்கல்ல?"

"ரூல்ஸ் இருக்கே."

"அப்போ வாயை மூடிட்டு உக்கார வேண்டியதுதானே?"

"பாவம் இல்லையா?"

இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவில்தான் என் இருபத்தாறு வருஷமும் போயிருக்கிறது.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் புது நிர்வாகம் வந்தது. வந்த கையோடு ஒரு சுற்றறிக்கை. பொதுமக்கள் முன்னால் நிற்கிற ஊழியர்கள் எல்லாரும் குண நிர்ணய அலுவலகத்தில் குணச்சான்று வாங்கி வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர்கள் இடத்தில் இயந்திரம் வைக்கப்படும். இயந்திரம் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. படிக்கட்டுக்கு அடியில் அட்டைப்பெட்டிக்குள் காத்திருந்தது. கார்டைக் காட்டினால் திறக்குமாம், காட்டாவிட்டால் திறக்காதாம். "மாடி ஏறுமா?" என்று இவர் கேட்டாராம். பெட்டியை இறக்கியவர்கள் சிரித்தார்களாம்.

இவருக்கு அம்பத்திநாலு வயசு. நான் தையல் மெஷினில் தலையணை உறையும் யூனிஃபார்மும் தைக்கிறேன், சோற்றுக்குக் குறை வராது. ஆனால் அந்த வாசல் போய்விட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார்? வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் வாடிக்கையாளர்களை ஆறு மணிக்கு மேல் விடமாட்டேன் என்பாரே!

திங்கட்கிழமை காலையில் இவரையும் இழுத்துக்கொண்டு குண நிர்ணய அலுவலகத்துக்குப் போனேன். பெரிய கூடம். ஒன்றோடொன்று கம்பியால் இணைத்த நாற்காலிகள், ஒருத்தர் எழுந்தால் அந்த வரிசையே ஆடியது. சுவரில் போர்டு: "அமைதி. குணம் நிர்ணயிக்கப்படுகிறது."

எங்கள் டோக்கன் வந்ததும், கவுண்டரில் இருந்தவர் விண்ணப்பத்தையும் ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் கொடுத்த கடிதத்தையும் படித்தார். நர்ஸம்மா ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "கறாரான ஆள், இளகின மனசு."

"இதுல ரெண்டு குணம் இருக்கே," என்றார் கவுண்டர்காரர்.

"ஆமாங்க," என்றேன் பெருமையாக.

"படிவத்துல கட்டம் ஒண்ணுதாம்மா இருக்கு. ஒரு ஆளு, ஒரு கட்டம், ஒரு குணம், ஒரே சொல். நீங்களே பாருங்க." கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். 'கறார்' என்று அடித்தார். கீழே தானாக ஒரு வரி வந்தது: 'பொதுமக்களோடு பழகத் தகுதி: இல்லை.' அதை அழித்துவிட்டு 'இளகிய மனது' என்று அடித்தார். 'காவல் பணிக்குத் தகுதி: இல்லை.'

"ரெண்டையும் போட்டுப் பாருங்களேன்."

போட்டார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சிவப்பில் கேட்டது: 'விண்ணப்பதாரர் இருவரா?'

"ரெண்டு பேருன்னா ரெண்டு ஃபோட்டோ வேணும்," என்றார் கவுண்டர்காரர் உதவியாக.

இவர் திருதிருவென்று முழித்தார். தன்னை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார், நிஜமாகவே ஒரு ஆள்தானா என்று.

"கவலைப்படாதீங்க. மூணாவது மாடியில சொல் பேரவை இருக்கு. எதிரெதிர் குணம் ஒண்ணா இருக்கறவங்களுக்குன்னு ஒரு சொல் தயாராகிட்டிருக்கு. அதை வாங்கிட்டு வந்துட்டீங்கன்னா ஒரு நிமிஷத்துல அடிச்சுக் குடுத்துடுவேன்."

"எப்போ ரெடியாகும்?"

"பதினோரு வருஷமா ரெடியாகிட்டுதான் இருக்கு. கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்."

மூணாவது மாடிக்குச் செவ்வாய்க்கிழமைதான் அனுமதி கிடைத்தது. நீளமான தாழ்வாரம். நடுவில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் அர்த்தப் பிரிவு, அந்தப் பக்கம் உபயோகப் பிரிவு. ரெண்டு பிரிவுக்கும் ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தாழ்வாரத்து விளக்கை யார் அணைப்பது என்பதில் வந்த மனஸ்தாபமாம். அதனால் விளக்கு ஏழு வருஷமாக எரிந்துகொண்டே இருந்தது.

அர்த்தப் பிரிவு அதிகாரி எங்களை உட்காரச் சொல்லி, பீரோவைத் திறந்து காட்டினார்.

"பாருங்கம்மா. போன வருஷம் மட்டும் முந்நூறு சொல்லுக்கு அர்த்தம் குடுத்திருக்கோம். ஒண்ணுகூட வெளியில போகலை. அத்தனையும் புத்தம்புதுசா இருக்கு. ஜனங்க உபயோகிக்க ஆரம்பிச்சாதான் அர்த்தம் கெட்டுப்போகுது. எங்க சேவை என்னன்னா, அந்த ஆபத்து வராம பாத்துக்கறது."

"எங்களுக்கு வேண்டிய சொல்லு?"

"அதுக்கு அர்த்தம் எப்பவோ ரெடி. நாப்பது பக்கம். படிச்சா யாருக்கும் சந்தேகமே வராது. சொல்லுதான் இன்னும் வரலை."

அப்போதுதான் அவர் இவர் முகத்தைச் சரியாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "ஓய், நீங்க ஆஸ்பத்திரி கேட்தானே? என் தங்கச்சிக்குக் குழந்தை பொறந்த அன்னிக்கு ஆறு அஞ்சுக்கு வந்தேன். கதவைத் திறந்தீங்களா? கல்லு! இவர் கல்லும்மா!"

"போய்ப் பாத்துட்டு வந்து, பொண்ணுன்னு சொன்னேனே சார்," என்றார் இவர்.

"யாரு கேட்டா? நான் பாக்கத்தானே வந்தேன்?"

கோட்டைத் தாண்டி உபயோகப் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி ஒரு அம்மா. இவரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "ஆஸ்பத்திரி கேட் சாரா! வாங்க சார். எங்கப்பா படுத்திருந்தப்ப பத்து நாளும் எனக்காக மாடி ஏறி இறங்கினீங்களே. வெண்ணெய் மாதிரி மனசு சார் உங்களுக்கு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்களை உள்ளே விட்டாரா?" என்று கேட்டேன்.

"விடலை. ஆனா அது எங்க பிரிவுல வராதும்மா," என்று சொல்லிவிட்டு ஒரு ஃபைலை எடுத்தார். "உங்க சொல்லுக்கு உபயோக விதி எல்லாம் முடிச்சுட்டோம். நூத்திப் பதினாலு விதி. சம்பந்தப்பட்டவர் முன்னாடி சொல்லக்கூடாது. சாப்பிட்டுக்கிட்டே சொல்லக்கூடாது. ஒரே வாக்கியத்துல ரெண்டு தடவை வரக்கூடாது. மீறினா எச்சரிக்கை."

"என்ன சொல்லுன்னே தெரியாம எப்படிங்க விதி எழுதினீங்க?"

"தெரிஞ்சா யார் வேணா எழுதிடுவாங்களேம்மா. தெரியாம எழுதறதுக்குத்தான் எங்களை வச்சிருக்காங்க."

அர்த்தம் இருக்கிறது, உபயோகம் இருக்கிறது, சொல் மட்டும் இல்லை. சொல்லை ரெண்டு பிரிவும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து, தலைவர் முன்னிலையில் முடிவு செய்யவேண்டும். பதினோரு வருஷத்தில் அறுபது கூட்டம் நடந்ததாம். அறுபதும் டம்ளர் வீச்சில் முடிந்ததாம். அதற்குப் பிறகு கூட்டத்தில் பிளாஸ்டிக் டம்ளர்தான் வைக்கிறார்கள்.

புதன்கிழமை தலைவரைப் பார்த்தோம். பெரிய அறை. அவர் தலைக்குப் பின்னால் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. எழுத்து பொடி என்பதால் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, தங்க விளிம்பு மட்டும் பளபளத்தது.

"அம்மா, நாங்க அவசரப்பட மாட்டோம்," என்று ஆரம்பித்தார் தலைவர். "அவசரப்பட்டவங்கதான் தப்பு பண்ணியிருக்காங்க. இந்தப் பேரவை ஆரம்பிச்சதுலருந்து ஒரு தப்புகூட நடக்கலை. ஏன்னா, ஒண்ணுமே நடக்கலை. இது சாதாரண சாதனை இல்லை."

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சான்று குடுக்கலைன்னா இவர் வேலை போயிடும் சார்."

"வேலை போறது தனிநபர் விஷயம். சொல் பொதுச் சொத்து." கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒரு சாட்சி எடுத்துடலாம். நீங்க இவர்கூட வாழறவங்க. இவர் கறாரா, இளகினவரா, நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க."

பக்கத்தில் ஒருவர் பேனாவைத் திறந்தார். கேட்டால் விடுவேனா? சொந்தத் தம்பி கல்யாணத்துக்குப் பந்தியில் இடம் பிடிக்க வரிசையில் கடைசியில் போய் நின்றவர், கடைசியில் எனக்கும் சாப்பாடு இல்லாமல் செய்தவர் என்பதில் ஆரம்பித்தேன். என் அண்ணன் ஒருநாள் ஆறேகாலுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து, சொந்த மச்சினன் என்று சொல்லியும் உள்ளே விடாததால் மூணு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறாததைச் சொன்னேன். மூச்சு விடாமல் கால்மணி நேரம் போட்டுத் தாளித்தேன். பேனாக்காரர் 'கறார்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

தலைவர் சிரித்துக்கொண்டே, "அப்போ கல்நெஞ்சக்காரர்தான்னு சொல்லுங்க," என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "யாரைப் பாத்து சார் கல்நெஞ்சம்கறீங்க? அந்த மச்சினன் ஆபரேஷனாகிப் படுத்தப்ப ராவும் பகலும் பக்கத்துல இருந்தது யாரு? இவர் முழங்காலைப் பாருங்க சார், பாருங்க! யாரோ ஒருத்தர் வீட்டுக்கு சிலிண்டர் வந்த சேதியைச் சொல்ல நாலு மாடி ஏறின கால் சார் இது!" என்று இவருடைய பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டியே விட்டேன். இவர் கூச்சத்தில் நெளிந்தார்.

பேனாக்காரர் 'கறாரை' அடித்துவிட்டு 'இளகிய' என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "அம்மா, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம் தரட்டுமா?"

தலைவர் மேஜையைத் தட்டினார். "இது வாயால பேசித் தீர்ற விஷயமில்லை. நேரடிப் பரிசோதனை. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குக் கூட்டம் போடறேன். கூட்ட அறை வாசல்ல இவர் கேட்காரரா நிக்கட்டும். உறுப்பினர்கள் பார்த்துப் பதிவு பண்ணட்டும், அங்கேயே சொல்லை முடிவு பண்ணிடலாம்." இவர் தோளில் கை போட்டார். "ஆஸ்பத்திரின்னே நினைச்சுக்கோங்க. உங்க வழக்கத்தை யாருக்காகவும் மாத்தாதீங்க. எனக்காகக்கூட."

நான்தான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். இவரிடம் போய் அப்படிச் சொல்லலாமா?

வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கான முன்னேற்பாட்டு விடுமுறை. இவர் வீட்டில் யூனிஃபார்மை ரெண்டு தடவை இஸ்திரி போட்டார். சொந்தப் பூட்டையும் ஸ்டூலையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஏங்க, நாளைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் வளைஞ்சு குடுத்துப் போங்க. உங்க பொழப்பு அதுல இருக்கு," என்றேன்.

"சரி," என்றார். அந்தச் 'சரி' எனக்குத் தெரியும். முடியாது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கெல்லாம் இவர் கூட்ட அறை வாசலில் நின்றுவிட்டார். கதவில் தலைவரே கையெழுத்துப் போட்ட அறிவிப்பு ஒட்டியிருந்தது: "கூட்டம் சரியாகப் பத்து மணிக்கு. அதன் பிறகு எவருக்கும் அனுமதி இல்லை." அர்த்த அதிகாரி வந்தார், உபயோக அம்மா வந்தார், மற்ற உறுப்பினர்கள் வந்தார்கள். பத்து அடித்தது. இவர் கதவைச் சாத்திப் பூட்டினார்.

பத்து பன்னிரண்டுக்குத் தலைவர் வந்தார்.

"நேரம் முடிஞ்சு போச்சு சார்."

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதம்! கறார் இருக்கு. நான் பாத்துட்டேன். சரி, இப்போ திறங்க."

"நேரம் முடிஞ்சு போச்சு சார்."

"பரிசோதனை முடிஞ்சுதுப்பா. நான் தலைவர்."

"தெரியும் சார். நேரம் முடிஞ்சு போச்சு."

நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், காலை மிதித்தேன். ம்ஹூம். தலைவர் குதிகுதியென்று குதித்தார். அறிவிப்பில் இருந்தது தன் கையெழுத்தே இல்லை என்றார். பிறகு, தன் கையெழுத்துதான், அதனால் தனக்குப் பொருந்தாது என்றார். இவர் நிதானமாக ஸ்டூலை எடுத்துப் போட்டார். "உக்காருங்க சார், மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க." தண்ணீர் கொடுத்தார். அவர் கையில் இருந்த ஃபைலை வாங்கிக்கொண்டார். "உள்ள என்ன சொல்லணும்னு சொல்லுங்க. போய்ச் சொல்லிட்டு வரேன்."

தலைவருக்கு வேறு வழியில்லை. ஜன்னலும் இல்லாத அறை அது, குணம் வெளியே கசியக்கூடாது என்று அடைத்து வைத்திருந்தார்கள்.

"அந்த மடையனுங்ககிட்ட கூட்டத்தை ஆரம்பிக்கச் சொல்லுங்க," என்று கத்தினார்.

இவர் கதவைத் திறந்து உள்ளே போய், உள்பக்கம் பூட்டிக்கொண்டு சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "தலைவர் வந்துட்டாரு. உங்களைத்தான் நம்பி இருக்காராம். ஆரம்பிக்கச் சொன்னாரு."

அதிலிருந்து ஆரம்பித்தது. உள்ளே அர்த்த அதிகாரி, "தலைவருக்கு மண்டையில ஏதாவது இருந்தாத்தானே என் நாப்பது பக்கம் ஏறும்?" என்றார். இவர் வெளியே வந்து, "நாப்பது பக்கத்தையும் நீங்க ஒருதடவை பாத்தா நல்லா இருக்கும்னு ஆசைப்படறாரு சார்," என்றார். உபயோக அம்மா அர்த்த அதிகாரியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து ஏதோ சொல்ல, அதை இவர் மேஜைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, "அம்மா உங்க உழைப்பைப் பத்தித்தான் சார் சொல்றாங்க," என்றாராம். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சேர்ப்பதற்குள் அதிலிருந்த முள்ளையெல்லாம் எடுத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாகச் செய்கிற வேலைதானே? 'செத்துடுவேனோ' என்று மேலே கேட்டால், கீழே வந்து 'உங்களைத் தேடறாங்க' என்று சொல்லிப் பழகிய மனுஷன்.

மத்தியானம் மூணு மணிக்கு, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அர்த்த அதிகாரி உபயோக அம்மாவிடம் நேராகப் பேசினார். "ஏம்மா, எதுக்கு வேற சொல்லுக்கு அலையறோம்? எதிரெதிர் குணம் ஒண்ணா இருக்கற ஆளைக் 'கேட்காரர்'னே சொல்லிட்டா என்ன?"

"ஊர்ல யாருக்கும் சொல்லிக்குடுக்கவே வேண்டாம் சார்," என்றார் அந்த அம்மா.

இவர் ஓடி வந்து தலைவரிடம் சொன்னார். தலைவர் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். "ஒப்புக்கொள்கிறேன்!" என்றார், குரல் தழுதழுக்க. உள்ளே கை தட்டினார்கள், வெளியே தலைவர் கை தட்டினார், நானும் தட்டினேன். இவர் நடுவில் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷமாக யாருக்கும் கிடைக்காத சொல், நம்ம ஆளாலேயே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் பேனாக்காரர் நோட்டுடன் வெளியே வந்தார். "சார், ஒரு சின்ன சிக்கல். பேரவைக் கூட்ட நடைமுறையில ஒன்பதாவது விதிப்படி தலைவர் அறைக்குள்ள இருந்தாத்தான் தீர்மானம் செல்லும். நீங்க வெளியில இருந்திருக்கீங்க."

தலைவர் மெள்ள உட்கார்ந்தார். "ஆமாம். செல்லாது."

"சார், நீங்க உள்ள போயிருந்தா இவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு டம்ளரைத்தானே வீசியிருப்பாங்க?" என்றேன்.

"வீசியிருப்பாங்க. ஆனா அது செல்லுபடியாகற சண்டையா இருந்திருக்கும்மா." அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து என்றார்.

மணி நாலேகால். நான் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து இவரைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், அந்த அட்டைப்பெட்டி இயந்திரத்தைத் திட்டினேன். இவர் தன் பூட்டையும் ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். கீழே கவுண்டரில் அந்த ஆள் சட்டரை இறக்கத் தயாராக இருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லு கிடைக்கலையா? அப்போ கட்டத்தைக் காலியா விட்டுடுங்களேன்."

"விட்டா?"

தட்டினார். 'குணம்: இல்லை' என்று வந்தது. கீழே வரிசையாகப் பச்சையில் வந்துகொண்டே இருந்தது. 'காவல் பணிக்குத் தகுதி: உண்டு. பொதுமக்களோடு பழகத் தகுதி: உண்டு. எல்லாப் பணிகளுக்கும் ஏற்றவர். உயர் பதவிக்கு மிகவும் பரிந்துரைக்கப்படுகிறார்.'

நான் வாயைப் பிளந்தேன். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க நல்ல குணத்தோட வந்தீங்க. எப்படிம்மா சொல்றது?" அவர் சங்கடமாகச் சிரித்தார். "நாங்க எல்லாரும் அப்படித்தான் வேலைக்கு வந்தோம். எங்க தலைவர் அறையில சட்டம் போட்டு மாட்டியிருக்கே, பாக்கலையா? அதுவும் இதேதான். அவருக்குத் தங்க விளிம்பு."

முத்திரை விழுந்தது. இவர் காகிதத்தை வாங்கி ரெண்டு தடவை படித்தார். 'குணம்: இல்லை.' எத்தனை பேர் அழுகையை ஏறி இறங்கிச் சுமந்த மனுஷன், இப்படி ஒரு எழுத்தா? "கிழிச்சுப் போடுங்க! இந்தப் பொய்யை வச்சு ஒண்ணும் வேலை வேண்டாம்," என்று கத்தினேன்.

இவர் காகிதத்தை நாலாக மடித்து ஜோபியில் வைத்தார். "மணி அஞ்சாகப்போகுது. ஆறு மணிக்குக் கதவை மூடணும்," என்றார். அவ்வளவுதான்.

இது நடந்து மூணு வாரம் ஆகிறது. அட்டைப்பெட்டி இன்னும் படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. உயர் பதவி தருகிறோம், மேலே தனி அறை, மேஜை, மணி எல்லாம் உண்டு என்று நிர்வாகம் கூப்பிட்டது. அங்கே கதவு இருக்கிறதா என்று கேட்டாராம். இருக்கிறது, ஆனால் யாரும் வரமாட்டார்கள் என்றார்களாம். வேண்டாம் என்று வந்துவிட்டார்.

நேற்று சாயங்காலம் தைலம் வாங்கிக்கொண்டு அந்த வழியாகப் போனேன். மணி ஆறு பத்து. கதவு பூட்டியிருந்தது. வெளியே ஸ்டூலில் ஒரு மனுஷர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். பார்த்தால், சொல் பேரவைத் தலைவர்! அவருடைய அக்கா நாலாவது மாடியில் படுத்திருக்கிறாராம். பால் ஃப்ளாஸ்க்கோடு ஆறு அஞ்சுக்கு வந்தாராம். ஃப்ளாஸ்க் இவரோடு மேலே போயிருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், நான் வேண்டாம் என்றேன். அதற்குள் ஒரு பெண் கையில் பையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். பூட்டைப் பார்த்ததும் முகம் அழுவதுபோல் ஆகிவிட்டது.

"சார், எங்கம்மா உள்ள இருக்காங்க. இந்தக் கேட்காரர் எப்படிப்பட்ட ஆளு சார்? கெஞ்சினா விடுவாரா?"

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார்.

"விடமாட்டாரும்மா. உக்காரு. இறங்கி வந்ததும் எந்த வார்டு, என்ன சொல்லணும்னு சொல்லு. போய்ப் பாத்துட்டு வந்து எல்லாம் சொல்லுவாரு. பதில் இருந்தா மறுபடி ஏறுவாரு."

நான் குறுக்கே புகுந்தேன். "சார்! இதைத்தானே நாங்க அஞ்சு நாளா கேட்டோம்? இப்படியே எழுதிக் குடுத்துடுங்களேன்!"

தலைவர் பூட்டிய கதவைப் பார்த்தார். படிக்கட்டில் மேலேயிருந்து இவருடைய செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"எழுதினா செல்லாதும்மா," என்றார். "நான் வெளியிலதானே நிக்கறேன்."